பணம் போன பிறகும் மாத்திரை வரவேண்டும்

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. கிளினிக்குகள் திடீரென்று மூடப்பட்டன. அடுத்த மாத மாத்திரை கிடைக்குமா என்று தெரியாமல் தவித்தவர்களைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் சேலத்தில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தவள். பில் கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் தொடங்கிய அவாஹன் திட்டத்தின் பணத்தில்தான் எங்கள் வேலை நடந்தது. தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் இருந்த திட்டம் அது. 2009 முதல் கட்டம் கட்டமாக அரசின் கைக்கு மாறியது. சம்பளம், பதிவேடு, எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதையெல்லாம் முன்கூட்டியே அரசு முறைக்குக் கொண்டுவந்த பிறகே கைமாற்றினார்கள்.

வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருந்ததுதான் முக்கியம். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இலேயே வந்துவிட்டது. பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் இருந்தன. ஆரம்பத்தில் உலக வங்கிக் கடனில் ஓடிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 முதல் 2026 வரை 15,471.94 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசின் பணம்.

ஆனால் பணம் நம்முடையதானால் மட்டும் போதாது. எங்களோடு வேலை பார்த்த ஒரு அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பதிவுத்தாள் முழுக்கப் படங்கள்தான்: பாலியல் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி, எத்தனை ஆணுறை வேண்டும், கிளினிக்குக்கு வந்தாளா, யாராவது அடித்தார்களா, எல்லாம் குறி போட்டு வைப்பார். இந்த வாரம் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். மேலே இருந்து யார் சொல்லியும் அந்த வேலை நடக்காது. அரசுக் கணக்குக்கு மாறியதும் அந்தப் பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கான தொகை சுருங்கியது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கும் பட்ஜெட்டில் இதற்கு இடமில்லாமல் போனதை இன்றும் தவறு என்றே நினைக்கிறேன்.

அடுத்த கட்டத் திட்டம் எழுதும் மேசையில் அந்த அக்காக்களுக்கும் நாற்காலி போடுங்கள். பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுத்து அழையுங்கள், ஏனென்றால் வேலையை விட்டுவிட்டுத்தான் அவர்கள் வரவேண்டும்.