பழைய நோட்டுகளைத் தட்டச்சு செய்கிறேன்

மார்ச் 3, 2024, ஞாயிறு

பரணிலிருந்து இறக்கிய நோட்டுகள் மொத்தம் 23. முதலாவது 1999, கடைசி போன வருடத்தது. தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. சிலவற்றில் மை ஊறி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்று இறங்கிவிட்டேன். ஒரு உட்காரலில் ஒரு நோட்டு என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே அந்தக் கணக்கு தப்பிப்போனது.

1999 ஜூன் 20. அப்போது எனக்குப் பதினாறு வயது. எழுதியிருப்பது இது:

"வானம் தன் கண்ணீரைப் பூமி என்னும் காதலிக்குக் காணிக்கையாக்கிய அந்த மாலைப் பொழுதில், என் இதயம் என்னும் வீணையில் சோகம் என்னும் ராகம் மீட்டப்பட்டது..."

நன்றாகச் சிரித்தேன். ஒரே வாக்கியத்தில் மூன்று 'என்னும்'. வானம் காதலனாம், அழுகிறானாம், அந்தக் கண்ணீரையே காணிக்கையும் தருகிறானாம். அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றைக்கு என்னதான் நடந்தது? பக்கம் முழுக்கத் தேடினேன். சோகம் இருக்கிறது, வீணை இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை. எழுதிய எனக்கே இன்று தெரியவில்லை என்றால் எதற்காக எழுதி வைத்தேன்?

மார்ச் 5, செவ்வாய்

1999 நோட்டில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 'மிகவும்' 11 இடத்தில். ஆச்சரியக்குறி 14. மூன்று புள்ளி வைத்து முடித்த வாக்கியங்கள் 9. அந்தப் புள்ளிகளைப் பார்த்தால்தான் எரிச்சலாக வருகிறது. சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாத இடத்திலெல்லாம் புள்ளி வைத்துத் தப்பித்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே வருடம்தான் நன்னூலின் பத்துக் குற்றங்களை மனப்பாடம் செய்தேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதி வைத்த பட்டியலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அன்று இரவே நோட்டில் செய்திருக்கிறேன். அதில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று வரும். ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டமாகக் கிளம்பிப் போகப்போகத் தேய்ந்து முடிவது. என் பக்கங்கள் எல்லாமே அப்படித்தான். வானத்தில் தொடங்கி, "தூக்கம் வருகிறது" என்று முடிகின்றன.

ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பதற்கும் அது எழுதும்போது கைக்கு வருவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

மார்ச் 9, சனி

2004-க்கு வந்துவிட்டேன். வீணை போய்விட்டது. அதன் இடத்தில் வந்திருப்பது அதைவிட மோசம். அது நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். பகலெல்லாம் அறிக்கை எழுதிய கை, இரவில் நாட்குறிப்பையும் அறிக்கையாகவே எழுதியிருக்கிறது:

"நேற்று மேற்கொள்ளப்பட்ட பயணத்தின்போது தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டது."

என் சொந்த டைரியில் இது! யாருக்கு எழுதினேன்? நடந்தது இவ்வளவுதான்: தூங்கிப்போனேன், பஸ்ஸை விட்டேன். இந்த முறை காரணம் நினைவிருக்கிறது. எழுதும்போதும் தெரியும். 'ஏற்பட்டது' என்று போட்டுவிட்டால் தாமதம் தானாக வந்து நின்ற மாதிரி ஆகிவிடுகிறது, தூங்கியவள் தப்பித்துவிடுகிறாள்.

தமிழில் செயப்பாட்டு வினை இல்லாமல் இல்லை. ஆனால் வாய் திறந்து பேசும்போது அதை யாரும் தேடிப் போவதில்லை. "சோறு என்னால் சாப்பிடப்பட்டது" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பேனாவை எடுத்ததும் மட்டும் ஏன் அது வந்து ஒட்டிக்கொள்கிறது? பெரியவர்கள் மாதிரித் தெரிய வேண்டும் என்ற ஆசைதான். பதினாறு வயதில் கவிஞர் மாதிரி, இருபத்தொன்றில் அதிகாரி மாதிரி. என்னை மாதிரி எழுத இன்னும் நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

இன்று ஒற்றுப்பிழைகள்.

2004-இல் ஓர் இடத்தில் "அவர் கத்தி கொண்டு வந்தார்" என்று எழுதியிருக்கிறேன். அவர் பாவம், சத்தம் போட்டுக்கொண்டு வந்த மனிதர். ஒரு 'க்' விட்டதில் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டேன். கத்திக்கொண்டு வந்தார் என்று இருக்க வேண்டும்.

விதிகளைப் படிப்பது பெரிய விஷயமில்லை. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்: புத்தகத்தைப் படித்தாள், வீட்டுக்குப் போனாள். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: படித்த பெண். ஆனால் 'ஓடாக் குதிரை' என்றால் மிகும், ஏனென்றால் அது ஈறு கெட்டது, அதாவது 'ஓடாத' என்பதில் கடைசி 'த' போய்விட்டது. ஒரு விடுமுறையில் உட்கார்ந்தால் முக்கியமானவற்றை முடித்துவிடலாம். நானும் முடித்தேன். நோட்டுகளைப் பார்த்தால், யோசிக்காமல் சரியாக விழ ஆரம்பித்தது 2010 வாக்கில்தான். இடைப்பட்ட வருடங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று, இங்கே மிகுமா மிகாதா என்று யோசித்து, வாக்கியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதையே தொலைத்திருக்கிறேன். திருத்திய இடங்களைப் பார்த்தாலே தெரிகிறது: ஒற்றுச் சரியாக இருக்கும், அந்த வாக்கியத்துக்கு முடிவு இருக்காது.

மார்ச் 16, சனி

அலுவலகத்தில் வேலை நெருக்கடி, ஐந்து நாள் எதையும் தொடவில்லை.

முன்பு படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. ரொனால்ட் கெல்லாக் என்ற உளவியலாளர் 2008-இல் எழுதிய கட்டுரை. எழுத்து முதிர்வதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்கிறார். முதலில் தெரிந்ததைக் கொட்டுவது. அடுத்து, எழுத எழுதத் தான் நினைப்பதே மாறுவது. கடைசியாக, வாசிப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதையும் சேர்த்து மனதில் ஏந்திக்கொண்டு எழுதுவது. முதல் இரண்டும் பெரைட்டர், ஸ்கார்டமாலியா என்ற இருவர் 1987-லேயே பிரித்துக் காட்டியவை. இவை மூன்றையும் மனம் ஒரே நேரத்தில் சுமக்க முடியாது, எழுத்துப்பிழை மாதிரியான கீழ்மட்ட வேலைகள் தானாக நடக்க ஆரம்பித்தால்தான் மேலே உள்ளதற்கு இடம் கிடைக்கும் என்பது அவர் வாதம். போன ஞாயிறு நான் புலம்பியதும் இதைத்தான்.

ஆனால் என் நோட்டுகள் இப்படிப் படிப்படியாக ஏறவில்லை. 2009-இல் ஓரளவு தெளிவாக எழுதிக்கொண்டிருந்தவள், 2011-இல் தடாலென்று கீழே விழுந்திருக்கிறேன். அந்த வருடம் எனக்குப் பழக்கமே இல்லாத துறைக்கு மாற்றினார்கள். விஷயம் புரியாததால் வாக்கியங்களும் கெட்டுப்போயின. 'மேற்கொள்ளப்பட்டது' கூட்டத்தோடு திரும்பி வந்துவிட்டது. விஷயம் பிடிபட்டதும் அதுவும் போய்விட்டது. ஆக, நான் மொழிக் கோளாறு என்று நினைத்ததில் பாதி, புரியாததை மூடி மறைத்தது.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு விளையாட்டு செய்து பார்த்தேன். ஜேம்ஸ் பிரிட்டன் என்ற கல்வியாளரும் அவரோடு இருந்தவர்களும் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் எழுதிப் பார்த்ததை 1975-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கீழே கார்பன் தாள். எழுதுவது கார்பனில் விழும், எழுதுபவர் கண்ணுக்குத் தெரியாது. நண்பருக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் எப்படியோ நடந்துவிட்டது. கவிதையும் கனமான கட்டுரையும் நகரவில்லை.

என்னிடம் கார்பன் தாள் இல்லை. திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு இருபது நிமிடம் தட்டினேன். நேற்று என்ன செய்தேன் என்பது தடையில்லாமல் வந்தது. சரி, இந்த நோட்டுகளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன். நான்காவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். முதல் வாக்கியத்தில் என்ன சொன்னேன் என்று பார்த்தால்தான் ஐந்தாவது வரும். வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தபோது ஒரே கருத்தை இரண்டு முறை எழுதியிருந்தேன். கூறியது கூறல்!

எழுதும்போது நான் இத்தனை முறை பின்னால் திரும்பிப் பார்க்கிறேன் என்பதே இன்றுதான் தெரிந்தது. 1999-இல் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. அப்போது இருட்டில் எழுதச் சொல்லியிருந்தாலும் அதே வீணைதான் வந்திருக்கும்.

மார்ச் 23, சனி

2012 நோட்டில் அக்காவின் கையெழுத்து. இன்னொருத்தியோடு ஒரு தோழியைப் பார்க்கப் போனதைப் பற்றி நான் எழுதிய பக்கம். "அவளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அழுதாள்" என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "யார்?" என்று ஒரே சொல்.

அன்று நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றாள்.

"ஏண்டி, இதுல அழுதது யாரு? கூட வந்தவளா, அந்தப் பொண்ணா?"

"அந்தப் பொண்ணுதான். தெரியலையா?"

"உனக்குத் தெரியும். நீ அங்க இருந்த. நான் எங்க இருந்தேன்?"

எழுத்தைப் பற்றி எனக்கு யாரும் இதைவிட உபயோகமாக ஒன்றும் சொன்னதில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம், வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 'அழுதாள்' என்பது ஒரு பெண் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தக் காட்சியில் இரண்டு பெண்கள்.

எலிசபெத் நியூட்டன் 1990-இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்த சோதனை இதே கதைதான். ஒருவர் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை மேஜையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் தலைக்குள் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக்.

அன்றிலிருந்து முக்கியமான எதையும் சத்தமாகப் படித்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. என் குரல் தடுக்கும் இடத்தில் எதிரில் இருப்பவருக்கும் தடுக்கும்.

மார்ச் 24, ஞாயிறு

2015 நோட்டில் நான்கு மாதம் வேறு மாதிரி. பெஞ்சமின் பிராங்க்ளின் பதின்ம வயதில் செய்து, தன் சுயசரிதையில் சொல்லியிருக்கும் பயிற்சி. நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் வைத்துத் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் திரும்பக் கட்டி, மூலத்தோடு ஒப்பிடுவது. சில நேரம் குறிப்புகளையே கலைத்துப் போட்டு, வரிசையைத் தானே கண்டுபிடிப்பாராம்.

எனக்கு முதல் முயற்சியில் மூலத்தில் 7 வாக்கியமாக இருந்த பத்தி 12 ஆனது. கூடுதலாக வந்த ஐந்தும் நான் முன்னால் சொன்னதை விளக்கிக்கொண்டிருந்தவை. வாசிப்பவர் மேல் நம்பிக்கையில்லை. நான்காவது மாதம் 8-க்கு வந்தேன். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். விட்டது தப்புதான்.

மார்ச் 30, சனி

அடித்தல் திருத்தல்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். 1999: 'மகிழ்ச்சி'யை அடித்து 'ஆனந்தம்', 'ஆனந்த'த்தை அடித்து 'பேரானந்தம்'. அவ்வளவுதான். 2016-க்கு மேல் முதல் பத்தியையே குறுக்காகக் கோடு போட்டு எறிந்திருக்கிறேன், அதுவும் அடிக்கடி. மூன்றாவது பத்தியிலிருந்து அம்புக்குறி போட்டு மேலே கொண்டு போயிருக்கிறேன். நான்சி சாமர்ஸ் 1980-இல் மாணவர்கள் திருத்துவதையும் அனுபவசாலிகள் திருத்துவதையும் ஒப்பிட்டு எழுதியதும் இதுதான்: முதல் கூட்டம் சொல்லை மாற்றுகிறது, இரண்டாவது கூட்டம் கட்டுரையின் உருவத்தை மாற்றுகிறது.

இன்னொன்று. பதினாறு வயதில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகும். இப்போது அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம். வருடம் ஏற ஏற வேகம் வரும் என்று நினைத்திருந்தேன். குறையைப் பார்க்கும் கண் முன்னால் ஓடுகிறது, எழுதும் கை பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. நான் எழுதியது எனக்கே பிடிக்காமல் போன வருடங்களில்தான் எழுத்து கொஞ்சமாவது தேறியிருக்கிறது.

ஏப்ரல் 6, சனி

அந்த 1999 ஜூன் 20 விடவில்லை. அதை இன்றைய கையால் திருத்தி எழுதிப் பார்த்தேன். 'என்னும்' மூன்றையும் எடுத்தேன். வீணையை எடுத்தேன். காதலியை எடுத்தேன். கடைசியில் "மாலையில் மழை பெய்தது. வருத்தமாக இருந்தது" என்று நின்றது. பிழையில்லாத வாக்கியங்கள். அவற்றிலும் ஒன்றுமில்லை. நடந்தது தெரியாமல் எதைத் திருத்துவது?

ஏப்ரல் 7, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்து வீணை வரியைப் படித்துக் காட்டினேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பின நாள்டி. எல்லாரும் வாசல்ல நின்னாங்க. நீ வரல. உள்ள உக்காந்து ஏதோ எழுதிட்டிருந்த."

"அதைத்தான் இப்ப படிச்சேன்."

"அது சரி, மழை எங்க இருந்து வந்துச்சு? அன்னைக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு."

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். "இன்று அக்கா ஹாஸ்டலுக்குப் போனாள். நான் வாசலுக்குப் போகவில்லை. மாலையில் மழை பெய்தது" என்று தட்டினேன். மூன்றாவது வாக்கியத்தை அழித்தேன்.

அடுத்து ஜூன் 21. நிலா வருகிறது.