ரூத் வரைக்கும்

மயிலாடுதுறையில் பஸ் ஏறியபோது மடியில் அம்மாவின் வேதாகமம் இருந்தது. பிய்ந்த அட்டையை அம்மாவே துணி வைத்துத் தைத்திருந்தார். கடைசி வெற்றுத் தாளில் எங்கள் ஐந்து பேரின் ஞானஸ்நானத் தேதிகள். அவற்றுக்குக் கீழே ஏதோ ஒரு மாதத்துப் பால் கணக்கு.

என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் நான் அதைத் திறக்கவில்லை. ஆண்டவர்மேல் கோபம் என்று சொல்லப் பயந்து, கண் மங்கிவிட்டது, எழுத்து தெரியவில்லை என்று சொல்லிவந்தேன். போன ஆண்டு கண்புரையை எடுத்தார்கள். அந்தச் சாக்கும் போயிற்று. விரலை வரியில் வைத்து ஒரு சங்கீதம் வாசித்தேன். மறுநாள் இரண்டு. இப்போது காலையில் வேதம், பகலெல்லாம் கிளை நூலகத்துப் புத்தகங்கள். அப்படித்தான் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயரின் வரலாறும் கைக்கு வந்தது. 68 வயதில் அந்த ஊருக்குத் தனியாகக் கிளம்பியதும் அதனால்தான்.

1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கியவருக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அகரம் படித்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துக் கப்பலில் அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகாது என்று சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகத் தேடி எடுக்கும் எனக்கு, அந்த ஈய எழுத்துகளை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் புதிய எருசலேம் ஆலயம். 1718இல் பிரதிஷ்டை செய்தது. முகப்பில், அன்று இந்த ஊரை ஆண்ட டென்மார்க் அரசரின் கிரீட முத்திரை. உள்ளே சுண்ணாம்புச் சுவர்களின் குளிர்ச்சி. கடல் இரைச்சல்கூட மெலிந்துவிட்டது. பலிபீடத்துக்கு முன்னால் அவருடைய கல்லறை. 1719இல் இறந்தபோது வயது 36தான். பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற புத்தகம் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார். அதற்குமேல் அவருக்கு நாள் இல்லை.

ரூத்தின் கதை விதவைகளின் கதை. கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு மருமகள் ரூத்தோடு ஊர் திரும்பும் நகோமி, இனி என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கசப்பு என்று பொருள். ஒன்பது ஆண்டுகள் எனக்கும் அதுதான் பெயர்.

முன் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் ரூத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். நான்கே அதிகாரம். மூன்றாவது முடியும்போது ஆலயப் பணியாளர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். எழுந்திருக்கப் போனேன்.

"எத்தனை அதிகாரம் பாக்கி அம்மா?"

"ஒன்றுதான் ஐயா."

"வாசியுங்கள். நானும் கேட்கிறேன்" என்று பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினேன். நகோமி பேரப்பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்தேன்.