வால்பாறைக் கிளையில் மெயில் போகாத கதை

வேலை முடிந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. கிளை அலுவலகங்களைக் கட்டி மேய்க்கும் யாருக்காவது உதவும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது தேயிலைக் கம்பெனி. தலைமை அலுவலகமும் மெயில் சர்வரும் கோவையில். வால்பாறையில் ஒரு சின்ன அலுவலகம், இரண்டுக்கும் நடுவே ஃபயர்வால் டு ஃபயர்வால் விபிஎன் டனல், அதாவது இரு அலுவலகப் பாதுகாப்புப் பெட்டிகளுக்கு நடுவே இன்டர்நெட் வழியே போகும் மறையாக்கம் செய்த தனிப்பாதை. செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று அங்கிருந்த லீஸ்டு லைனை (நமக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) எடுத்துவிட்டு ஃபைபர் பிராட்பேண்ட் போட்டோம். அதற்குப் பிறகுதான் நாங்கள் மெயில் பார்க்கும் அவுட்லுக் ஊர ஆரம்பித்தது. இரண்டு வரி மெயில் சட்டென்று போகும். பச்சை இலை எடைக் கணக்கை ஸ்கேன் செய்து இணைத்தால் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கும்.

அங்கே கணக்கு பார்க்கும் அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. போகாமல் நிற்கும் மெயிலை அவுட்பாக்ஸில் திறந்து திறந்து பார்ப்பார். இது பலருக்குத் தெரியாத சங்கதி: அனுப்பக் காத்திருக்கும் மெயில் சாய்ந்த எழுத்தில் இருக்கும். அதைத் திறந்து மூடினால் எழுத்து நேராகிவிடும், அப்புறம் லைன் சரியானாலும் அது தானாகப் போகாது. மறுபடி திறந்து சென்ட் கொடுக்க வேண்டும். இதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டச் சொன்னேன். பாதிப் புகார் அன்றைக்கே குறைந்தது.

வழக்கமான வைத்தியங்களை கோவையிலிருந்தே ரிமோட்டில் செய்தேன். சேஃப் மோடில் திறந்து ஆட்-இன்களைக் கழற்றினேன். மெயில்களின் நகலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளும் கேஷ்டு மோட் ஓடுகிறதா என்று பார்த்தேன். அந்த நகல் இருக்கும் அண்ணனின் ஓஎஸ்டி கோப்பு 50 ஜிபி வரம்பை நெருங்கிக்கொண்டிருந்தது, எத்தனை மாத மெயிலை வைப்பது என்ற ஸ்லைடரை மூன்று மாதத்துக்கு இழுத்துவிட்டேன். ஷேர்டு மெயில்பாக்ஸையும் சேர்த்துத் தரவிறக்கும் டிக்கை எடுத்தேன். திறக்கும் வேகம் கூடியது, தேடும் வேகமும் கூடியது. அட்டாச்மென்ட் மட்டும் நகரவில்லை.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு டாஸ்க்பாரின் ஓரத்தில் இருக்கும் அவுட்லுக் ஐகானை ரைட் கிளிக் செய்தால் 'கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ்' வரும். சர்வர் எத்தனை மில்லி செகண்டில் பதில் சொல்கிறது, எத்தனை கோரிக்கை தோற்றது என்று அதில் தெரியும். பதில் நேரம் நன்றாகவே இருந்தது. தோல்விகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. வெப்மெயிலிலும் அதே கோப்பு நின்றது. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டி, அதற்கென்று இருக்கும் விபிஎன் வழியாக அனுப்பினால் உடனே போனது. அவுட்லுக் மேல் குற்றமில்லை, லைனில்தான் ஏதோ இருக்கிறது.

இன்டர்நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். "ஸ்பீடு டெஸ்ட் போடுங்க சார்" என்றார்கள். போட்டால், வாங்கிய பிளானுக்குக் குறையாமல் வருகிறது. "அப்போ எங்க சைடு ஓகே சார்." டிக்கெட் ரிசால்வ்டு. திரும்பக் கூப்பிட்டால் வேறு ஆள், அதே டெஸ்ட், அதே பதில். சிறு பாக்கெட் (டேட்டா துண்டு துண்டாகப் போகும், அதில் ஒரு துண்டு) போகிறது, பெரியது போகவில்லை என்று சொன்னதற்கு ஒருவர், "பெரிய ஃபைலை ஜிப் பண்ணி அனுப்புங்க சார்" என்றார்.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, குடல் கலங்கிப் போய் இறங்கினால், ஃபயர்வால் இருக்கும் ரேக் பூட்டியிருக்கிறது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் பொள்ளாச்சியில். நான் ஏறி வந்த ரோட்டில்தான் அவர் இறங்கிப் போயிருக்கிறார். பூட்டு திறந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது, ஏனென்றால் அந்த ஃபயர்வாலின் அட்மின் பாஸ்வேர்டு அதை முதலில் பொருத்திய வெண்டரிடம் இருந்தது. அங்கிருந்தே போன் போட்டேன். "ஏஎம்சி முடிஞ்சு போச்சே சார். ரினியூ பண்ணுங்க, அப்புறம் பேசலாம்." ஏஎம்சி என்றால் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம். நம் காசில் வாங்கிய பெட்டிக்கு நம்மிடமே பூட்டு.

ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு காரியம் நடந்தது. அண்ணனின் மேஜையில் உட்கார்ந்து கோவை சர்வருக்குப் பிங் போட்டேன், அதாவது ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. வெறும் பிங் இல்லை: பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லும் 'எஃப்' ஸ்விட்ச், அளவு குறிக்கும் 'எல்' ஸ்விட்ச் இரண்டையும் சேர்த்து. 1300 பைட் போனது. 1400 போனது. அதற்குச் சற்று மேலே வைத்ததும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். இந்த இடத்தைக் கவனியுங்கள். அளவு பெரிது, துண்டாக்க வேண்டும் என்று பதில் வந்தால் வழியில் யாரோ ஒழுங்காகத் தகவல் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் விழுங்கினால் கோளாறு அங்கேதான். மலைப்பாதையில் கார் எல்லாம் ஏறிவிட, நீளமான லாரி மட்டும் வளைவில் மாட்டி நிற்கிற மாதிரி.

காரணம் இதுதான். பழைய லீஸ்டு லைனில் 1500 பைட் பாக்கெட் அப்படியே போகும். புதிய ஃபைபர் பிபிபிஓஇ முறையில் வருவது, ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் தன் தலைப்பு ஒன்றை ஒட்டும் இணைப்பு முறை அது. அதன் தலைப்புக்கு 8 பைட் போக 1492தான் மிச்சம். ஃபயர்வாலுக்கு அது தெரியாது, 1500 என்று நினைத்தே டனலைக் கட்டியிருக்கிறது. "இது பெரிது, குறை" என்று ஃபைபர் மோடம் ஐசிஎம்பியில் (நெட்வொர்க் கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் முறை) சொல்லித்தான் பார்க்கும். பாதுகாப்பு என்ற பெயரில் வெண்டர் வெளியிலிருந்து வரும் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்து வைத்திருந்தார். ஸ்பீடு டெஸ்ட் மட்டும் எப்படி நன்றாக வந்தது? டனலுக்கு வெளியே சாதாரண டிசிபி இணைப்பு (வெப், மெயில் எல்லாம் போகும் முறை) தொடங்கும்போதே மோடம் உள்ளே எட்டிப் பார்த்து அளவைக் குறைத்துவிடும். டனலுக்குள் எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருப்பதால் அதனால் எட்டிப் பார்க்க முடியாது.

பாஸ்வேர்டுதான் மீதி. அக்கவுண்ட்ஸில் பழைய பில் கட்டைத் துழாவினால், அட்மின் விவரங்களைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பர்ச்சேஸ் ஆர்டரின் நகல் கிடைத்தது, வெண்டர் சீல் வைத்து வாங்கிக்கொண்ட நகல். அதை ஸ்கேன் செய்து அவருக்கே அனுப்பினேன். அன்று சாயங்காலமே பாஸ்வேர்டு வந்தது.

திரும்பவும் மலையேறினேன், இந்த முறை ரேக் சாவியைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு. இரண்டு மாற்றம்தான்: டனல் வழியே போகும் டிசிபிக்கு எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வைக்கும் டேட்டாவின் உச்ச அளவு) 1350, கூடவே ஐசிஎம்பியில் "இது பெரிது, குறை" என்று சொல்லும் டைப் 3 கோடு 4-ஐ மட்டும் அனுமதித்தல். கோவை ஃபயர்வாலிலும் அதையே செய்தேன். சேவ் கொடுத்துவிட்டு அண்ணனின் திரையைப் பார்த்தால், சாய்ந்த எழுத்தில் நின்றவை ஒவ்வொன்றாக மறைகின்றன. "என்ன தம்பி, எல்லாம் அழிஞ்சு போச்சா?" என்று பதறினார். சென்ட் ஐட்டம்ஸைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார்.

லைன் மாற்றுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: இந்த அளவை மோடத்தில் மாற்றச் சொல்லி டெக்னீஷியனிடம் கெஞ்ச வேண்டாம், உங்கள் ஃபயர்வாலில் வையுங்கள். மழைக்காலத்தில் இடி இறங்கி எங்கள் மோடம் போனது. புதிதாகக் கொண்டுவந்து மாட்டினார்கள், மெயில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. வெண்டரின் ஏஎம்சி கொட்டேஷன் இன்னும் என் இன்பாக்ஸில் கிடக்கிறது. பதில் போடவில்லை.