போதும் என்ற ஒரு சொல்

கடந்த சில வாரங்களாக என் ஜெபம் மிகவும் சுருங்கிப் போயிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நோய், இரவெல்லாம் கண்விழிப்பு, முழங்காலில் நின்றால் வார்த்தைகளுக்கு முன்பே உறக்கம் வந்துவிடுகிறது. ஒரு நாள் என் வாயிலிருந்து வந்தது, "போதும், ஆண்டவரே" என்பது மட்டுமே. அது ஜெபமா, முறையீடா என்று எனக்கே தெரியவில்லை. விசுவாசக் குறைவோ என்று மறுநாள் முழுவதும் மனம் உறுத்தியது.

பிறகுதான் வேதாகமத்தின் எலியா தீர்க்கதரிசியின் நினைவு வந்தது. கர்மேல் மலையில் அக்கினியை இறங்கச் செய்த அதே தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டதை ஒன்று இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். இரண்டாம் முறை எழுப்பியபோதுதான் பயணம் வெகுதூரம் என்ற பேச்சே வருகிறது. ஓரேபு மலை வரை நாற்பது நாள் நடக்க வேண்டியவருக்கு முதலில் கிடைத்த பெலன் உறக்கமும் உணவுமாக இருந்தது என்பதை, இத்தனை ஆண்டுகள் வாசித்தும் நான் கவனித்ததில்லை. (நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சாப்பிட மறந்துவிடுவார்கள், அதனால்தான் இப்போது கண்ணில் பட்டதோ என்னவோ.)

தன்னை வாட்டிய துன்பத்தை மாம்சத்திலிருந்த முள் என்று சொல்லி, அதை நீக்கும்படி ஆண்டவரிடம் வேண்டிய அப்போஸ்தலன் பவுலுக்குக் கிடைத்த பதிலிலும் இதே சொல் வருகிறது: "என் கிருபை உனக்குப் போதும்." எலியா சொன்ன "போதும்", இனி முடியாது என்பது; பவுல் கேட்ட "போதும்", இதுவே நிறைவு என்பது. நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பதை எண்ணிக்கொண்டே அன்றிரவு படுத்தேன். பல நாட்களுக்குப் பிறகு நன்றாக உறங்கினேன்.

நோய் இன்னும் தீரவில்லை. பாதுகாப்பைக் கேட்கும்போது துன்பமே வராதிருப்பதைத்தான் என் மனம் இன்னும் எதிர்பார்க்கிறது, மறுக்கமாட்டேன். முள்ளை எடுத்துவிடும் என்றும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பவுல் மூன்று முறை கேட்டார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.