‘நீர்’ என்றும் ‘நீ’ என்றும்

லெந்து எனப்படும் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் தூய யோவான் ஆலயத்தில் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு, அங்கிருந்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிற்றாலயம் வரை நடந்தே சென்று ஜெபித்துவிட்டு வருவதென்று தீர்மானித்து, குடியாத்தம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டேன். யாத்திரை என்று சொல்லும் அளவுக்கு அது தொலைவன்று. மனத்தில் இருந்த பாரம்தான் என்னைக் கிளப்பியது.

சென்ற அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சபையில் வருகிறவர்களை உட்காரவைக்கும் பொறுப்பு என்னுடையது. காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஆண்டுதோறும் பெருந்தொகைக்குக் கேட்கும் ஒப்பந்ததாரர் ஒருவர் காரை விட்டு இறங்கியதும், “ஐயா, வாங்க, நீங்க முன்னால உட்காருங்க” என்று மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவருக்குப் பின்னாலேயே, முருங்கைக்காய்க் கட்டொன்றை வாழைநாரால் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த மூதாட்டியிடம், “ஆயா, நீ அப்படி ஓரமா உட்காரு” என்றேன். ஓரம் என்றால் செருப்பு விடும் இடம். அப்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

அகழிப் பாலத்தைக் கடந்து கோட்டைக்குள் நுழைந்தபோது ஜலகண்டேஸ்வரர் கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. தூய யோவான் ஆலயம் 1846-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினருக்காகக் கட்டப்பட்டது. ஆராதனை தொடங்குமுன் வேதாகமத்தை விரித்து யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தேன். மினுக்குள்ள வஸ்திரம் தரித்தவனிடம் “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்” என்று சொல்லும் அதே வாய், கந்தையான வஸ்திரம் தரித்த தரித்திரனிடம் “நீ அங்கே நில்லு” என்கிறது. மூலமொழியான கிரேக்கத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். பட்சபாதம் இடத்தில் மட்டும் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ நம் நாவை அறிந்தவர்கள். அதை ‘நீர்’, ‘நீ’ என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதை எத்தனையோ முறை சபையில் நானே உரக்க வாசித்திருக்கிறேன், அந்த ‘நீர்’ என் காதில் விழுந்ததில்லை.

உரிமையோடு ஆயா என்று அழைக்கும்போது ‘நீ’ என்பது அன்பின் சொல்தானே என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். ஒப்பந்ததாரரின் தாயாருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்; அவரிடம் அந்த உரிமையை நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. (எங்கள் பக்கத்தில் இந்த ‘நீ’யோடு ஏழ்மை மட்டுமல்லாமல் தெருவும் சாதியும் சேர்ந்தே வரும், கிறிஸ்தவர்கள் என்பதால் நமக்கு அது இல்லை என்று சொல்லிக்கொள்வது பொய்.) வேதாகமம் இதை முகதாட்சிணியம் என்கிறது. முகத்தைப் பார்த்து நடப்பது. காரிலிருந்து இறங்கிய முகத்தை நான் பார்த்தேன், முருங்கைக்காய் ஏந்தி வந்த முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஆராதனை முடிந்து நடந்தேன். மருத்துவமனையை நெருங்க நெருங்க விடுதிப் பலகைகள் வங்காளத்துக்கும் இந்திக்கும் மாறிவிடுகின்றன. திண்டிவனத்தில் ஓர் இரவில் ஒரு பிராமணரும், ஓர் இஸ்லாமியரும், மற்றொரு உயர்சாதி இந்துவும் அடுத்தடுத்து வந்து தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்க, ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்காததால் மூன்று பெண்களும் இறந்துபோன துயரம்தான் இந்த மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-இல் அவர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு திறந்த மருத்துவமனைக்கு ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்தார். செல்வந்தரின் காணிக்கையை யாக்கோபு மறுக்கவில்லை. ஒப்பந்ததாரர் ஏலம் கேட்டதிலும் குற்றமில்லை. நாற்காலியைத் துடைத்த கைதான் பிழை செய்தது.

சிற்றாலயத்தில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் சத்தமின்றி அமர்ந்திருந்தார்கள். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்த வடநாட்டுப் பெரியவர் ஒருவர், நான் இடம் தேடி நிற்பதைக் கண்டு நகர்ந்து, பலகையை உள்ளங்கையால் இருமுறை தட்டினார். அவருடைய லுங்கியின் ஓரம் தையல் பிரிந்திருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழியில்லாததால், நான் அவருக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்ற கேள்வியே எழவில்லை. வெகுநேரம் அவர் அருகிலேயே இருந்தேன்; ஜெபிக்க வாயெடுத்தபோது, தேவனையே ‘நீர்’ என்று அழைக்கிற நாவு இது என்ற நினைவு வந்து வார்த்தை நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆலய வாசலில் அந்த மூதாட்டியைக் கண்டு, “அம்மா, வாங்க, நீங்க முன்னால வந்து உட்காருங்க” என்றேன். அவர் திரும்பி, தமக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.