90 நாள் தோட்டம், ஒரே வாரத்தில் விளைச்சல்

ஒரு உறைபனிக் காலம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் எனக்குக் கிடைப்பது மூன்று மாதம்தான். அதனால் தக்காளியை 6 வாரம் முன்பே ஜன்னலோரம் நாற்றுவிட்டேன். சரி, ஏதோ கொஞ்சம் வரும் என்று பார்த்தால், எல்லாம் ஒன்றாகக் காய்த்துத் தள்ளிவிட்டது. சுக்கினி (பூசணி இனத்துக் காய்) பற்றிக் கேட்காதீர்கள். நான் பையோடு வந்தாலே பக்கத்து வீட்டார் உள்ளே போய்விடுகிறார்கள்.

பீன்ஸை அப்படியே ஃப்ரீசரில் போட்டால், நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுத்துவிடும். கொதிநீரில் 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், அப்புறம் ஈரம் துடைத்து, தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டேன். இப்படிச் செய்தால் கட்டியாக ஒட்டாது.

நாள்பட வைக்கப் பாட்டிலில் அடைப்பதில் மட்டும் விளையாடக் கூடாது. பீன்ஸில் அமிலம் குறைவு. அமிலம் குறைந்த இடத்தில் வளர்ந்து உணவை நஞ்சாக்கும் போட்டுலிசக் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீருக்கு அசையாது. அதைவிடச் சூடேற்றும் அழுத்தக் கலன் என்னிடம் இல்லை, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. தக்காளியை அடைத்தேன், அரை லிட்டருக்கு கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் புளிப்பு ஒரே சீராக இருக்காது.

போன வாரம் உறைபனி எச்சரிக்கை. இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு பச்சைக் காய்களையும் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு பெட்டியில் வைத்தேன். பழம் விடும் எத்திலீன் வாயு காய்களைப் பழுக்கவைக்கும். இன்று திறந்தால் பாதி சிவந்திருக்கிறது. மறுபடி அடுப்படிக்கா!