ஐந்தருவியில் போன கார் சாவி

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல சீசன், சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, பத்து மணிக்கெல்லாம் குற்றாலம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். கார் சாவி என் அரைக்கால் டிரவுசர் பையில் இருந்தது. அந்தப் பைக்கு ஜிப் கிடையாது. ஐந்தருவித் தண்ணீர் எந்த வேகத்தில் விழும் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து பையில் கை விட்டேன். கொஞ்சம் மணல்தான் வந்தது.

தேடினோம். தண்ணீர் ஓடும் இடத்தில் எண்ணெயும் ஷாம்பு பாக்கெட்டுமாகக் காலடியில் எல்லாம் வழுக்குகிறது, பின்னால் நிற்பவர்கள் "நகருங்க நகருங்க" என்கிறார்கள். அங்கே பணியில் இருந்த போலீஸ்காரரிடம் சொன்னேன். பிள்ளைகள் காணாமல் போனால் அறிவிக்கிற அதே மைக்கில் என் சாவியையும் அறிவித்தார். "தினம் ரெண்டு மூணு சாவி போவுது சார், கிடைச்சா உங்க நல்ல நேரம்" என்றார். கிடைக்கவில்லை.

ஐந்து பேரும் சொட்டச் சொட்ட நின்றோம். மாற்றுத்துணி எல்லாம் காருக்குள். என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கடைத்தெருவில் இரண்டு நைட்டி, ஒரு லுங்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டி-ஷர்ட் வாங்கினோம். மாங்குஸ்தான் வாங்க வைத்திருந்த காசு அதில் போனது. நல்லவேளை, போனும் பர்ஸும் மனைவியின் கைப்பையில் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காருக்கு இருந்ததே ஒரு சாவிதான். மூன்று வருடத்துக்கு முன் பழைய வண்டியாக வாங்கியபோது, "இன்னொரு சாவி ஓனர் வீட்ல எங்கயோ கிடக்கு, தேடி வாங்கித் தர்றேன்" என்றார் புரோக்கர். நானும் இரண்டு முறை கேட்டேன், பிறகு மறந்துவிட்டேன். குற்றாலத்திலிருந்து கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஒரு சாவியாவது கையில் மிச்சம் இருந்தால் இன்னொன்று செய்வது சின்ன வேலை. ஒன்றுமே இல்லையென்றால் கதையே வேறு. வண்டி நகராது, அதனால் நாமும் நகர முடியாது.

இன்ஷூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருந்தேன், அது இருந்தது. சாவி தொலைந்தால் புதுச் சாவிக்குப் பணம் தருகிற தனிக் கவர் ஒன்றும் உண்டு. புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க அதற்கான டிக் குறியை நானே நீக்கியிருந்தேன். உதவி எண்ணுக்கு அழைத்தால், ரெக்கவரி வண்டி வரும், பக்கத்துச் சர்வீஸ் சென்டர்வரை கொண்டு போய் விடும், ஆனால் கதவு திறந்திருந்தால் நல்லது என்றார்கள். காரை முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து நிறுத்தியிருந்தேன். சரிவில் நிறுத்தும்போது செய்கிற எல்லா நல்ல பழக்கமும் அன்றைக்கு எனக்கு எதிராகத் திரும்பியது.

பழக்கடைக்காரர் ஒருவர் தென்காசியில் சாவி செய்கிறவரின் எண்ணைக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார், முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும் கருவியை எடுப்பார் என்று பார்த்தால், "அண்ணாச்சி, ஆர்.சி. காட்டுங்க" என்றார். ஆர்.சி. காருக்குள் இருக்கிறது என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. போன்ல டிஜிலாக்கர் இருக்கா?" இருந்தது. ஆர்.சி.யையும் ஆதாரையும் பார்த்து, பெயர் ஒன்றா என்று சரிபார்த்து, நம்பர் பிளேட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் பையைத் திறந்தார். அந்த நொடியில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், ஆர்.சி. கேட்காமல் காரைத் திறந்து தருகிறவரைத்தான் பார்த்துப் பயப்பட வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றுவார்களே, அந்த மாதிரி ஒரு காற்றுப்பை. அதைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி, பம்பை அழுத்தி விரல் அளவு இடைவெளி உண்டாக்கினார். ரப்பர் உறை போட்ட நீளக் கம்பியை உள்ளே விட்டு, உள்பக்கக் கைப்பிடியை இழுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்ததும் அலாரம் அலற ஆரம்பித்தது. ரிமோட்டில் பூட்டிய வண்டியை வேறு வழியில் திறந்தால் திருட்டு என்றுதான் வண்டி நினைக்கும். கார் நிறுத்துமிடம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது, லுங்கியில் நின்ற என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தது. அவர் நிதானமாக பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். சத்தம் நின்றது.

டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஆர்.சி.யை எடுக்கும்போது வண்டியின் கையேட்டுப் பை கீழே விழுந்தது. அதிலிருந்து நகத்தளவு தகடு ஒன்று கம்பியில் கோத்தபடி வெளியே வந்தது. அதில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ பொறித்திருந்தது. மூன்று வருடம் அதை நான் பார்த்ததே இல்லை. சாவிக்காரர்தான் எடுத்துப் பார்த்தார். "சாவி நம்பர் தகடு அண்ணாச்சி. இது இருந்தா பாதி வேலை முடிஞ்சிது. ஆனா இத வண்டிக்குள்ளயா வைப்பாவ?"

புது வண்டியோடு இரண்டு சாவியும் இந்தத் தகடும் சேர்ந்தே வருமாம். சாவியின் பற்கள் எந்த ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கான குறியீடு அந்த எண். மாதிரிச் சாவி கையில் இல்லாமலே, எண்ணை வைத்து அச்சு அசலாகப் புதுச் சாவி வெட்டிவிடலாம். திருடன் கையில் கிடைத்தாலும் அதே கதைதான்.

"அப்போ நீங்களே வெட்டிக் கொடுங்களேன்" என்றேன். வெட்டினால் கதவு திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்றார். சாவிக்குள் இருக்கிற சிப்பை வண்டியில் பதிகிற மெஷின் அவரிடம் இல்லை. திருநெல்வேலியில் ஒருவரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். கதவு திறந்ததற்கு 700 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ரெக்கவரி வண்டி வருவதற்குள் ஸ்டேஷனுக்குப் போனேன். சாவி தொலைந்ததற்கு எதற்கு போலீஸ் என்று முதலில் நானும் நினைத்தேன். எங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தான் போனில் சொன்னார்: நாளைக்கு இந்த வண்டி திருடு போனால் கம்பெனி முதலில் இரண்டு சாவியையும் கேட்கும், ஒன்று இல்லையென்றால் எங்கே போனது என்று காட்ட ஏதாவது தாள் வேண்டும் என்று. ஆன்லைனில் முயன்றேன். தமிழ்நாடு காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கை பாஸ்போர்ட், ஆர்.சி., லைசென்ஸ் மாதிரியான ஆவணங்களுக்குத்தான். சாவி ஆவணம் இல்லையே. வெள்ளைத்தாளில் மனு எழுதினேன்: வண்டி எண், இடம், நேரம், எத்தனை சாவி. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்கிற ரசீது கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது, பெரிய சிரமம் இல்லை. லுங்கியை மாற்றிக்கொண்டுதான் போனேன்.

ரெக்கவரி வண்டி நாலு மணிக்கு வந்தது. கதவு திறந்திருந்ததால் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக்கை எடுக்க முடிந்தது. ஸ்டீயரிங் மட்டும் பூட்டிக்கொண்டு, முன் சக்கரங்கள் இடப்பக்கம் ஒடிந்தபடி நின்றன. சக்கரத்துக்கு அடியில் சின்ன உருளைப் பலகைகளை வைத்துத் தள்ளி, சாய்ந்த வாக்கிலேயே மேலே ஏற்றினார்கள். திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தோடு பஸ் ஏறி மதுரை வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இலவசத் தூரத்துக்கு மேல் ஓடிய கிலோமீட்டருக்கு 650 ரூபாய் தனி.

திங்கட்கிழமை காலையில் சர்வீஸ் அட்வைசர் அழைத்தார். "சாவியே இல்லைன்னா லாக் செட் முழுசா மாத்தணும் சார். நாலு கதவு, டிக்கி, இக்னிஷன் எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம் கிட்ட வரும்." தகடு இருக்கிறது என்றேன். ஒரு நொடி மௌனம். "ஓ, டேக் இருக்கா? அப்ப சாவி மட்டும் ஆர்டர் போட்டுடலாம் சார்." பதினெட்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் நடுவில் இருந்தது நகத்தளவு தகடு. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவராகக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆர்.சி. நகல், ஆதார் நகல், சி.எஸ்.ஆர்., கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், பாதிப் பணம் முன்கூட்டியே. இரண்டு சாவியாக ஆர்டர் போட்டேன். ஒன்பது நாள் ஆனது. நடுவில் நண்பன் ஒருவன், அந்தத் திருநெல்வேலி மெஷின்காரர் ஒரே நாளில் ஒரு சாவியை 4,500 ரூபாய்க்குச் செய்து கொடுப்பார் என்று சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினான். வாரண்டி முடிந்த வண்டிக்கு, தெரிந்தவர் சொல்லும் நம்பகமான ஆள் கிடைத்தால், அவரிடம் போவதில் தப்பில்லை என்றே இப்போது நினைக்கிறேன். முன்பணம் கட்டிவிட்டதால் நான் போகவில்லை.

பத்தாம் நாள் அசல் ஆவணங்களோடு போனேன். பதிகிற வேலை அரைமணி நேரம்கூட இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் சொருகி, சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இக்னிஷனில் போட்டு ஆன் செய்தார் டெக்னீஷியன். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரியே கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்தான் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பேச வைக்கிறது. பேசியது தெரிந்த குரல் என்றால் மட்டுமே இன்ஜின் ஓடும். நாம் மாற்றுகிற பேட்டரி கதவு திறக்கும் ரிமோட்டுக்கு மட்டும். அது செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆவது இதனால்தான்.

"பழைய சாவி எல்லாத்தையும் அழிச்சிடவா சார்?" என்று கேட்டார். வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொன்னேன். அருவியில் போனதை யார் எடுத்துக்கொண்டு மதுரைவரை வரப்போகிறார்கள்! எனக்கு உறுத்தியது மற்றதுதான். மூன்று வருடமாக என் காரை ஸ்டார்ட் செய்யக்கூடிய ஒரு சாவி, பெயர் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் கிடந்திருக்கிறது. இனி அதை வைத்துக் கதவை வேண்டுமானால் திறக்கலாம், இன்ஜின் ஓடாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது செய்துவிடலாம். கையில் இருக்கிற சாவிகள் எல்லாவற்றையும் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் விட்டுவிட்டுப் போன சாவியும் அழிபவற்றோடு சேர்ந்துவிடும்.

ஒரு சின்ன வம்பு மிச்சம் இருந்தது. புதுச் சாவி இக்னிஷனில் வெண்ணெய்மாதிரி போனது, ஓட்டுநர் பக்கக் கதவில் திரும்ப மறுத்தது. எப்போதும் ரிமோட்டிலேயே திறந்து, அந்தத் துளையை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. எண்ணெய் விடலாமா என்றேன். விட்டால் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும் என்று சொல்லி, பென்சில் முனையைச் சுரண்டிய தூள்போல இருந்த கிராஃபைட்டை உள்ளே தட்டினார். நாலு முறை ஆட்டியதும் திரும்பியது. ரசீதில் வரி உட்பட 9,080 ரூபாய். நைட்டியும் பஸ்ஸும் தனிக் கணக்கு.

இரண்டாவது சாவியும் தகடும் இப்போது மதுரையில், பீரோவுக்குள், நகைப் பெட்டியில் இருக்கின்றன. தகட்டை போட்டோ எடுத்து மெயிலிலும் போட்டு வைத்திருக்கிறேன். பீரோ சாவிக்கு டூப்ளிகேட் இருக்கிறதா என்று மாமியார் கேட்டார். இல்லை.